உப்புக் கணக்கு

பாலத்தின் அடிவயிற்றுக்குக் கீழே
தொங்குகூடையில் நின்று
சுத்தியலால் தட்டுகிறாள் ராக்ன்ஃப்ரீட்.
ணங். ணங். ணங்.
ஒரு சாண் தள்ளி,
டொப்.

அங்கே சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம்.
மதியத்துக்குள் நாற்பத்து மூன்று வட்டங்கள்.
கீழே நார்வேக் கடல் ஈய நிறத்தில் ஏறி இறங்குகிறது.
அதற்கு அவசரமே இல்லை.

எறும்பு ஊரக் கல் தேயும்.
இங்கே ஊர்வது
நாளுக்கு முப்பது சால்மன் லாரி,
ஐஸோடு சேர்த்து ஐம்பது டன்.
ஒவ்வொன்றும் கடக்கும்போது
உத்திரம் மயிரிழை தாழ்ந்து நிமிர்கிறது.
நிமிர்ந்துவிட்டது என்றுதான் நினைப்போம்.
மயிரிழையிலும் ஒரு மயிரிழை
திரும்பி வருவதில்லை.
அந்தச் சந்துக்குள்
கடல் குடிவருகிறது, வாடகை பேசாமல்.
ஜனவரியில் உறைந்து புரண்டு படுக்கிறது.
இடம் போதாது, முழங்கையால் இடிக்கிறது.
ஏப்ரலில் உருகி
இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் படுக்கிறது.

உடைத்த முகத்தில் மருந்து தெளித்தான் ஐவின்.
பளீரென்று ரோஜா நிறம்.
"காரம் போகவில்லை! உயிரோடுதான் இருக்கிறது!"
கூடை ஆடச் சிரித்தான்.
அவள் சிரிக்கவில்லை.
காற்று தின்ற கான்கிரீட் வெளுத்தே கிடக்கும்.
உப்பு தின்றது
இப்படித்தான், மணப்பெண் போலச் சிவக்கும்.

துளைபோட்டுப் பொடி எடுத்தார்கள்,
சென்டிமீட்டருக்கு ஒரு பை.
மூன்று வாரம் கழித்து வந்தது ஆய்வகத் தாள்.
மேல்தோலில் உப்பு அதிகம். அது கடல் போட்டது.
உள்ளே போகப் போகக் குறைய வேண்டும். குறைந்தது.
பிறகு குறைவதை நிறுத்திக்கொண்டது.
ஏழு, எட்டு, ஒன்பது, பத்து,
எல்லாவற்றிலும் ஒரே எண்.
பேனா மூடியைக் கடித்தபடி இருந்தாள் வெகுநேரம்.
எந்த அலையும் எட்டாத ஆழத்தில்
யார் இட்ட உப்பு?

பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டம்.
இனிப் பன்னிரண்டு டன்னுக்கு மேல் போகக் கூடாது என்றாள்.
மீன் ஆலைக்காரர் இருமுறை கணக்குப் போட்டார்,
இரண்டு முறையும் நஷ்டம்.
"ஐம்பது வருடம் நின்றதே,
இன்னும் ஐந்து நிற்காதா?"
கம்பி துருப்பிடித்தால் பருக்கும் என்றாள்,
தன்னைப்போல் மூன்று மடங்கு.
கான்கிரீட் அமுக்கத் தாங்கும்,
உள்ளிருந்து உதைத்தால் தாங்காது.
வெளியே பார்த்தால் ஒரு பழுப்புக் கோடு, அவ்வளவுதான்.

கூடைப்பந்து வளையத்துக்குக் கீழேயிருந்து
தோர்லைஃப் எழுந்தார்.
கைகள் எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவருக்கு.

"அறுபத்தெட்டு. செப்டம்பர்.
மணல் படகு வரவில்லை.
உறைபனிக்கு முன்னால்
மூன்றாம் தூண் மேல் தளம் போட்டாக வேண்டும்.
கரையிலிருந்து அள்ளினோம்.
கழுவினோம், இரண்டு தரம்.
மழையும் பெய்தது."

உட்கார்ந்துவிட்டார்.
யாரும் கத்தவில்லை.
கூட்டத்தில் பாதிப்பேர் பிறந்த குழந்தையாக
அந்தப் பாலத்தில்தான் தீவுக்கு வந்தவர்கள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை.
மனிதருக்குச் சொன்னதை
ஒரு பாலம் கடைப்பிடித்திருக்கிறது.

அக்டோபரில் எச்சரிக்கைப் பலகை நட்டார்கள்.
இரண்டு கால், இரண்டு குழி,
அரை மூட்டை சிமென்ட்.
லாரிகள் அரைச்சுமையோடு வரிசையில் நின்றன,
ஓட்டுநர்கள் இறங்கிப் புகைத்தார்கள்.
மணல் எங்கிருந்து என்று கேட்டாள்.
கடையில் வாங்கியதுதான், ரசீது இருக்கிறது என்றான் ஐவின்,
நெஞ்சுப் பையைத் தடவிக்கொண்டே.

அவன் எடுத்து நீட்டுவதற்குள்
குனிந்து
ஒரு சிட்டிகை அள்ளி
நாக்கில் வைத்துப் பார்த்தாள்.